தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரம்

"ஒன்பது நூறு என்றுதானே சார் வரவேண்டும்? அதெப்படித் தொள்ளாயிரம் ஆயிற்று? அதற்குள்ளே ஆயிரம் எங்கிருந்து வந்தது?"

கேட்டவள் நான்காம் வகுப்புச் சிறுமி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு முறை முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளி ஒருவரின் மகள். எண்ணை எழுத்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். இருநூறு, முந்நூறு, நானூறு என்று வீறுநடை போட்டு வந்த பிள்ளைகள், எண்ணூறு வரை ஏறி, அடுத்த படியிலே இடறி வீழ்ந்தனர். பாதிப்பேர் பலகையில் 'ஒன்பதுநூறு' என்றே இருந்தது.

"அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று சொல்லி வாயை அடைத்திருக்கலாம். என் இளமையில் என் வாயை அப்படித்தான் அடைத்தார்கள். ஆனால் தோழர்களே, 'அப்படித்தான்' என்ற அந்த ஒற்றைச் சொல் இந்த நாட்டில் செய்திருக்கும் கேடு கொஞ்சமா? கோயில் வாயிலில் கேட்டவனுக்கும் அதுதான் விடை. குளத்துப் படியில் கேட்டவனுக்கும் அதுதான் விடை. கணக்கு வகுப்பிலும் அதே விடை என்றால், காரணம் கேட்பதைப் பிள்ளை வேறெங்கே கற்பது?

காரணம் உண்டு, அதுவும் சுவையான காரணம். ஒன்பது என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே 'பது' இருக்கிறது – பத்து. தொண்ணூற்றின் உள்ளே நூறு. தொள்ளாயிரத்தின் உள்ளே ஆயிரம். மூன்றும் தத்தம் மேற்படியை அண்ணாந்து பார்த்து நிற்கும் பெயர்கள். பத்துக்கு ஒன்று குறைந்தது ஒன்பது என்று கால்டுவெல் பொருள் கண்டார். தேவநேயப் பாவாணரோ வேறு வழி சென்றார்: ஒன்பதின் பழம்பெயர் 'தொண்டு', தொண்பது தொண்ணூறாகவும், தொண்ணூறு தொள்ளாயிரமாகவும் பெயர்கள் ஒருபடி நழுவி இறங்கிவிட்டன என்றார். தொண்டு என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் தொண்ணூற்றுக்குப் பெயர் 'தொம்பத்து'. தெலுங்கிலே ஒன்பது 'தொம்மிதி'. பாவாணர் காற்றிலே கோட்டை கட்டவில்லை என்பதற்கு இவை சான்று. எனினும், மூன்று பெயர்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதைக் கால்டுவெல் வழி எளிதாக விளக்கிவிடுகிறது. இரண்டையும் வகுப்பிலே சொன்னேன். எது சரி என்று பிள்ளைகள் சண்டையிட்டார்கள், நான் தடுக்கவில்லை.

இன்னொரு பிழையைப் பாருங்கள். நூற்றைந்து என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் உண்டு. நூறு எழுதினான், பக்கத்தில் ஐந்து எழுதினான், என்ன தவறு? நம் முன்னோர் அப்படித்தான் எழுதினர்! பழந்தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி வடிவங்கள் உண்டு. நூற்றைந்து என்றால் ௱௫. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்றால் ௨௲௩௱௪௰௫. வாய் சொன்னதைக் கை அப்படியே வரைந்தது. சுழியம் புகுந்து இடத்துக்கு மதிப்புத் தந்த பிறகுதான் சொல்லும் எழுத்தும் வழி பிரிந்தன. எனவே 1005 எழுதிய சிறுவன் மூடனல்லன்; சொல்லுக்கு உண்மையாய் நடந்தவன். அவனுக்குத் தேவை பிரம்படியன்று, சுழியத்தின் வேலையை விளக்கும் ஒருவர்.

சொற்களே கணக்குக் கற்பிக்கின்றன. இருநூறு என்றால் பெருக்கல். நூற்றிரண்டு என்றால் கூட்டல். முன்னே நின்றால் மடங்கு, பின்னே நின்றால் மிகை! அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. மாகாணி இன்னும் அழகு. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. நான்கு காணி சேர்ந்தது மா. அதனோடு ஒரு காணி கூடினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயரைச் சொன்னாலே கூட்டல் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் அடித்தளம் முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. அதையும் முந்நூற்றிருபதாய்க் கூறுபோட்டது கீழ்முந்திரி. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இராசராசன் காலத்து நில அளவுகள் இந்தக் 'கீழ்'க் கணக்கு வரை இறங்கிச் செல்கின்றன.

என்னே நுட்பம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். தட்டுமுன் ஒரு கேள்வி: இந்தக் கணக்கு யார் கையில் இருந்தது?

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதினார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று உரத்த குரலில் பாடம் சொன்னார்கள். மணலிலே விரலால் எழுதினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதையர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து வியந்து, தம் விடுதியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடல் கடந்த முறை, தெருக் கடந்து சேரிக்குப் போயிற்றா?

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மாணவர் சுமார் 1,88,000. மக்களில் அறுபத்தேழு பேருக்கு ஒருவர். அன்றைய உலகில் அது தாழ்ந்த நிலையன்று என்று பெருமை பேசுவோர் உண்டு. உழைக்கும் சாதிப் பிள்ளைகள் பலர் அப்பட்டியலில் இருந்தது உண்மைதான். ஆனால் பெண்கள் அப்பள்ளிகளில் அரிது என்பதை மன்றோவே எழுதினார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர்க்குத் திண்ணையே தொலைவு.

விளைவை அறிய நெடுந்தொலைவு போகவேண்டாம். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அன்று செங்கற்பட்டு மாவட்டம். அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். சிறு தொகையைக் கடனாய் வாங்கி, அதற்கு ஈடாய்த் தன்னையே படியாளாய்க் கட்டிக்கொண்டு, பிள்ளை காலத்திலும் மீளாத குடும்பங்களை அவர் கண்டார். 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை அதைத் தொடர்ந்தே பிறந்தது. கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு? ஏட்டிலே எழுதியவனுக்கு மட்டும்தான் தெரியும். களத்திலே நெல் அளந்து போடும்போது மரக்காலை எண்ணத் தெரிந்தவன், எழுதப்பட்டதைப் படிக்கத் தெரியாமல் நின்றான். முந்திரி வரை துல்லியம் காட்டிய கணக்கு, அவனுக்கு முழு இருட்டு.

இங்கேதான் எண்ணை எழுத்தால் எழுதும் பாடத்தின் பெறுமதி விளங்கும். 1881ஆம் ஆண்டுச் செலாவணிப் பத்திரச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இன்றும் நடப்பில் உள்ளது. கடன்சீட்டிலோ காசோலையிலோ எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் மாறுபட்டால், எழுத்தால் எழுதியதே செல்லும் என்கிறது. 1 என்பதை 7 ஆக்க ஒரு கோடு போதும். நூறு என்பதை எழுநூறாக்க அத்தனை எளிதன்று. எழுத்தில் எழுதிய எண்ணைப் படிக்கத் தெரியாதவன், சட்டம் ஒப்புக்கொள்ளும் வரியின் கீழேதான் கைந்நாட்டு வைக்கிறான்.

1957 ஏப்ரலில் பதினாறணா ரூபாய் நூறு காசாயிற்று. மரக்கால் போய்க் கிலோ வந்தது. வீசமும் மாகாணியும் வழக்கொழிந்தன. அழுவதற்கில்லை. பத்தின் அடிப்படையில் அமைந்த கணக்கு யாவருக்கும் எளிது. முந்திரி வாய்ப்பாட்டை ஆண்டுக்கணக்கில் ஓத ஓய்வுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. 2022 சூனில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் பிள்ளை எண்ணவும் எழுதவும் வல்லதாக வேண்டும் என்றது. திட்டம் தாளிலே இருக்கும். தொள்ளாயிரத்துக்குக் காரணம் சொல்லவேண்டியது வகுப்பறையிலே.

அச்சிறுமி இப்போது தொள்ளாயிரத்தைப் பிழையின்றி எழுதுகிறாள். ஆனால் விட்டாளா? "அப்படியானால் ஒன்பதாயிரத்துக்குள்ளே மட்டும் ஏன் மேற்படி வரவில்லை?" என்று மறுநாளே எழுந்து நின்றாள். நான் வாய் திறக்குமுன், பின்வரிசையில் முன்னாள் 1005 வீரன் சொன்னான்: "ஆயிரத்துக்கு மேலே பத்தாயிரம்தானே. அதற்குத்தான் தனிப்பேரே இல்லையே, எங்கிருந்து வரும்?"