நுண்ணலை மார்பகப் படிமவியல்

வலுக்குறைந்த நுண்ணலைகளை ஆன்டெனா வழியே மார்பகத்துக்குள் செலுத்தி, சிதறித் திரும்பும் அலைகளைக் கொண்டு கட்டி இருக்கும் இடத்தைக் கணிக்கும் முறை. எக்ஸ்-ரே கதிர் இல்லை. மார்பக எக்ஸ்-ரேயான மேமோகிராமில் செய்வதுபோல மார்பகத்தைத் தட்டையாக அழுத்துவதும் இல்லை.

எல்லாம் நீரை வைத்துத்தான். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி நீருக்கு ஏறத்தாழ 80. காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் மேல்மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் நுண்ணலையால் கண்டுகொள்வது இந்த வேறுபாட்டால்தான். மார்பகத்திலும் அப்படியே: கொழுப்பில் நீர் குறைவு, புற்றுக்கட்டியில் அதிகம்.

இந்த வேறுபாட்டை மார்பகத் திசுவில் அளந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் வெளிவந்தது. சவுத்ரி, மிஸ்ரா, ஸ்வரூப், தாமஸ் ஆகியோர் 1984-இல் இந்திய உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் ஆய்விதழில் எழுதிய சில பக்கக் கட்டுரை அது. பின்னாளில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அதை மேற்கோள் காட்டினார்கள். இங்கே அதை அறிந்தவர்கள் குறைவு. 1998-இல் அமெரிக்காவின் சூசன் ஹாக்னஸ் குழு கணினி மாதிரியில் இம்முறையைச் சோதித்தது. 2000-இல் டார்ட்மவுத் கல்லூரியின் பால் மீனி குழு பெண்களிடம் சோதித்த முதல் கருவியைப் பற்றி எழுதியது.

நமக்கு அருகில் நடந்த வேலை கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினுடையது. ஜி. பிந்து, கே.டி. மேத்யூ உள்ளிட்டோர் 2006-இல் அதை வெளியிட்டனர். அறுவையில் மார்பகத்தை அகற்றிய 30 நிமிடத்துக்குள், அதே பெண்ணின் நல்ல திசுவையும் கட்டித் திசுவையும் ஆய்வுக்கு எடுத்தார்கள். அலை காற்றிலிருந்து நேரே திசுவில் பட்டால் கணிசமான பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். இடையில் திசுவை ஒத்த ஒரு திரவம் வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தது மக்காச்சோளப் பாகு! கரிசலில் பருத்தி நின்ற இடங்களில் இன்று கோழித்தீவனத்துக்காக விளைகிறதே, அதே மக்காச்சோளத்தின் மாவுச்சத்திலிருந்து எடுப்பது. இரு முக்கோணங்கள் முனையோடு முனை பார்த்து நிற்கும் ‘போ-டை’ ஆன்டெனாவைக் கொண்டு, 3000 மெகாஹெர்ட்ஸில் படம் வரைந்தார்கள்.

2007-இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்களின் கூட்டாய்வு உற்சாகத்தைத் தணித்தது. கொழுப்புக்கும் கட்டிக்கும் 10 மடங்குவரை வேறுபாடு உண்டு. சுரப்பித் திசுவுக்கும் கட்டிக்குமோ சுமார் 10 சதவீதமே. கட்டிகள் பெரும்பாலும் தோன்றுவது சுரப்பித் திசுவில்தான். இதைச் சொல்லாமல் இம்முறையைப் புகழ்வது நேர்மையாகாது.

பிரிட்டனின் பிரிஸ்டலில் உருவான ‘மரியா’வும், அயர்லாந்தின் கால்வேயில் சோதிக்கப்பட்ட ‘வேவேலியா’வும் என இரு நுண்ணலைக் கருவிகள் நோயாளிகளிடம் பரிசோதனைவரை வந்துள்ளன. மேமோகிராமின் இடத்தை எதுவும் இன்னும் பிடிக்கவில்லை. தமிழக அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயது கடந்த பெண்களுக்கு முதலில் நடப்பது இன்றும் கையால் தடவிப் பார்க்கும் சோதனைதான்.