இரண்டாம் இன்ட்ரானில் இருந்த விசை

அரிவாள் செல் நோயோடு பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில், அரிவாளாக வளையும் செல்கள் முதல் சில மாதங்களில் மிகக் குறைவு. நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் 1948இல் இதைப் பதிவு செய்தார். கருவில் உருவான ஹீமோகுளோபின் அதுவரை குழந்தையைக் காக்கிறது. அது அடங்கி, வளர்ந்தோருக்குரிய ஹீமோகுளோபின் தலையெடுக்கும்போது நோயும் தலைகாட்டுகிறது. அப்படியானால் கருக்கால ஹீமோகுளோபினை அடக்குவது எது? இதற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

முதல் தடயத்தைப் புள்ளியியல் தந்தது. வளர்ந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களின் டிஎன்ஏவை முழுவதும் அலசிய ஆய்வுகள் 2007, 2008 ஆண்டுகளில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவைச் சுட்டின. 2008இலேயே விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் பாஸ்டனில் அதைச் சோதித்தார்கள். சிவப்பணுக்களின் முன்னோடி செல்களில் பிசிஎல்11ஏ புரதத்தைக் குறைத்ததும் கருக்கால ஹீமோகுளோபின் உயர்ந்தது. அடக்கும் புரதம் அதுதான்.

ஆனால் அந்த மரபணுவையே முடக்கிவிட முடியாது. பி லிம்போசைட்டுகள் உருவாகவும் மூளை வளரவும் அதே புரதம் தேவை. இந்த இடத்தில்தான் கதை சுவையாகிறது. புள்ளியியல் சுட்டிய டிஎன்ஏ எழுத்து மாற்றங்கள் புரதத்துக்கான குறிப்பில் இல்லை. மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில், புரதமாக மாறாத பகுதியில் இருந்தன. டேனியல் பாயர், ஆர்கின் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அங்கே சிவப்பணு மரபில் மட்டும் இயங்கும் ஒரு விசையை, துறையார் என்ஹான்சர் என்று சொல்வதை, அடையாளம் கண்டது. மரபணுவின் தொடக்கத்திலிருந்து 55, 58, 62 ஆயிரம் எழுத்துகள் தள்ளி அதற்கு மூன்று மையங்கள். எலியின் சிவப்பணு மரபுச் செல்களில் இப்பகுதியை வெட்டி எடுத்தபோது புரதம் ஏறக்குறைய மறைந்தது. பி லிம்போசைட் மரபுச் செல்களில் அதே வெட்டு புரதத்தைத் தொடவில்லை.

மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகள் மிகச் சிறிய விளைவுகளையே கண்டுபிடிக்கின்றன, அவற்றால் மருத்துவத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விசையின் வரலாறு அவர்களுக்கு நேரான மறுப்பு. 62 ஆயிரம் எழுத்துகள் தள்ளியுள்ள மையத்தில் இயற்கையாக அமைந்த ஓர் எழுத்து மாற்றம், ஜிஏடிஏ1 என்ற புரதம் டிஎன்ஏவைப் பற்றுவதைச் சற்றே தளர்த்துகிறது; ஹீமோகுளோபினில் அதன் பயன் சிறிதே. விசையை முழுதாக எடுத்தால் விளைவு பன்மடங்கு. எழுத்தின் விளைவு சிறியது என்பதால் அது அமைந்த இடமும் சிறியது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் அந்த வேறுபாட்டை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் தானாகச் சொல்லாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2015இல் அந்த வெட்டு இன்னும் நுணுக்கமானது. கிரிஸ்பர் கருவியால் விசை நெடுக, அடுத்தடுத்த இடங்களில் நூற்றுக்கணக்கான வெட்டுகளைத் தனித்தனிச் செல்களில் போட்டு, எந்த வெட்டு கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று பார்த்தார்கள். மனித விசையின் உயிர்நாடி 58 ஆயிரம் எழுத்துகள் தள்ளியுள்ள மையத்தில், ஜிஏடிஏ1 பற்றும் சில எழுத்துகளில் இருந்தது. எலியில் அமைப்பே வேறு. மனிதரில் இன்றியமையாத அந்த எழுத்துத் தொடர் மனிதரும் குரங்குகளும் அடங்கிய இனத்தொகுதிக்கு மட்டுமே உரியதாகத் தெரிகிறது. பல உயிரினங்களில் மாறாமல் நிலைத்த தொடர்களே முக்கியமானவை என்ற அளவுகோலை மட்டும் நம்பிக் கணினியில் சலித்திருந்தால், மருந்தாக வேண்டிய இடமே உமியோடு போயிருக்கும்.

கணினிக் கணிப்பையும் செயலின் சான்றையும் ஒன்றாக எண்ணும் பிழை இத்துறையில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. 2012இல் என்கோட் திட்டம் மனித டிஎன்ஏவில் 80 விழுக்காட்டுக்கு உயிர்வேதிச் செயல் உண்டு என்று அறிவித்தது. உயிரியலாளர் டான் கிரவுர் போன்றோர் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது: ஓரிடத்தில் புரதம் ஒட்டுவதாலேயே அங்கே பயன் இருப்பதாகிவிடாது. 2021இல் வந்த என்ஃபார்மர் என்ற கணினி மாதிரி ஏறத்தாழ 2 லட்சம் எழுத்துகளை ஒருசேர வாசித்து மரபணுவின் இயக்கத்தைக் கணிக்கிறது, பெரிய சாதனைதான். ஆனால் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கணிக்கச் சொன்னபோது, பல மரபணுக்களில் இத்தகைய மாதிரிகள் கூடுமா குறையுமா என்ற திசையையே தவறாகச் சொன்னதை 2023இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

58 ஆயிரம் எழுத்துகள் தள்ளியுள்ள அந்த மையத்தை வெட்டும் அரிவாள் செல் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதோடு, திருத்திய செல்களை ஏற்றும் முன் நோயாளியின் எலும்பு மச்சையைக் கடும் மருந்தால் காலியாக்க வேண்டும்.

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952இல். பிசிஎல்11ஏவை முதலில் சுட்டிய 2007ஆம் ஆண்டு ஆய்வோ ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தது. இந்திய நோயாளிகள் பலரிடம் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பாகவே மிகுதி என்பது தெரிந்த செய்தி. அதற்குப் பின்னால் உள்ள எழுத்துகளை அவர்கள் இசைவோடு அவர்களிடமே தேட வேண்டும். கிடைப்பதை அவர்களுடைய செல்களிலேயே வெட்டிச் சோதிக்க வேண்டும்.