குருதி வாசலும் ஜின்களின் கோட்டையும்

அக்டோபர் மாதக் கடைசி வந்துவிட்டால், தலைநகரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் ஞாபகம் வந்துவிடுகிறது. முகமூடி, பூசணிக்காய், கூடவே "தில்லியில் பேய் இருக்கிற இடம் எது?" என்ற கேள்வி. கேட்கட்டுமே! சரித்திரத்துக்குள் நுழைய அதுவும் ஒரு வாசல்தான். 2023-ஆம் ஆண்டில் தில்லி சுற்றுலாத் துறையே மால்ச்சா மஹாலில் 'பேய் நடை' ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அந்தக் காட்டுப்பக்கம் போவதற்கு முன், பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் அருகருகே இருக்கும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, கூனி தர்வாசா. 'கூன்' என்றால் இரத்தம். நம்ம ராமாயணக் கூனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூர் வம்சத்தார் காலத்து வாசல் இது. மழைக்காலத்தில் இதன் கூரையிலிருந்து இரத்தம் சொட்டும், மூன்று இளவரசர்களின் ஆவி உலவும் என்று சொல்வார்கள். ஆவி இருக்கட்டும், அந்த மூவர் யார்?

1857 புரட்சியில் ஆங்கிலேயர் தில்லியைத் திரும்பப் பிடித்தபோது, பகதூர் ஷா ஜஃபர் ஹுமாயூன் சமாதியில் சரணடைந்தார். அங்கேயே செப்டம்பர் 22-ஆம் தேதி அவருடைய மகன்கள் மிர்சா முகல், மிர்சா கிஸ்ர் சுல்தான், பேரன் மிர்சா அபு பக்கர் ஆகியோரும் சரணடைந்தார்கள். அவர்களை நகருக்குள் கொண்டுவரும் வழியில், இந்த வாசலருகே வண்டியை நிறுத்தி, ஹாட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் கையாலேயே மூவரையும் சுட்டுக் கொன்றார். விசாரணை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. உடல்கள் சாந்தினி சௌக் கோத்வாலி முன்பு பார்வைக்குப் போடப்பட்டன. தகப்பனார் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-இல் அங்கேயே இறந்தார். இன்று வாசல் நிற்கும் சாலைக்கு அவர் பெயர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2002 நவம்பரில், பட்டப்பகலில், ஒரு மருத்துவ மாணவி இதே வாசலுக்குள் வன்கொடுமைக்கு ஆளானார். அதன் பிறகுதான் இது பூட்டப்பட்டது. செய்தது பேய் அல்ல, மனிதர்கள்.

பக்கத்திலேயே ஃபிரோஸ் ஷா கோட்லா. 1999-இல் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட் எடுத்த மைதானத்தை அடுத்து இருக்கும் இடிந்த கோட்டை. 1354-இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டத் தொடங்கியது. தோப்ரா என்ற ஊரிலிருந்து, சுமார் 13 மீட்டர் உயரமுள்ள அசோகர் தூணை யமுனை வழியாகப் படகில் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார். அதிலுள்ள எழுத்தை அன்று யாராலும் வாசிக்க முடியவில்லை. 1837-இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்தறிந்தார்.

இந்தத் தூணில் ஜின்களின் தலைவர் குடியிருப்பதாக நம்பிக்கை. வியாழக்கிழமைகளில் இந்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் மக்கள் இங்கே வந்து விளக்கேற்றி, மனு எழுதி மாடங்களில் வைப்பது வழக்கமாயிற்று. சும்மா இல்லை, பெயர், விலாசம், சில சமயம் புகைப்படம்கூட! ஒரே மனுவை நகலெடுத்து ஒவ்வொரு அறையிலும் வைப்பார்கள், சர்க்கார் அலுவலகத்தில் கொடுப்பதுபோல. விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது' கட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே ஜின் வழிபாட்டுக்குக் கிடைக்கும் சான்று 1977-இலிருந்து, அதாவது நெருக்கடி நிலை முடிந்த சில மாதங்களிலிருந்துதான் தொடங்குகிறது என்கிறார் ஆய்வாளர் ஆனந்த் விவேக் தனேஜா. அதற்கு முந்தைய ஆண்டுதான், இங்கிருந்து அதிக தூரமில்லாத துர்க்மான் கேட்டில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. கேட்க ஆளில்லாத குறையை எங்கேயாவது சொல்லியாக வேண்டுமே!

கணவனால் கொலையுண்டு, பேயாக வந்து நியாயம் கேட்ட பழையனூர் நீலியின் கதை நமக்குத் தெரியும். நீதி கிடைக்காத இடத்தில்தான் ஆவிக்கதை முளைக்கிறது, அது பழையனூரானாலும் தில்லியானாலும். தில்லி கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போகலாம். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். பேய் தெரிகிறதா என்று அவர்கள் தேடட்டும். இங்கே யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதை நாம் சொல்லிக்கொடுப்போம்.