350–0–350: ஓர் இரங்கல்

வால்வு ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதே என்று உருகுகிறவர்கள் உண்டு. அதற்கு உயிர் கொடுத்த பவர் சப்ளைக்காக அழ ஆளில்லை. மைக்செட்டின் கனமெல்லாம் அதில்தான். மாரியம்மன் பண்டிகைக்குத் தலைச்சுமையாகத் தூக்கிப் போனவர்களுக்குத் தெரியும்.

1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. மலையோரம் கரண்டு எட்டாத ஊர்களில் அப்போது மைக்செட்டுக்குப் பேட்டரியும் வைப்ரேட்டரும்தான். டப்பாவுக்குள் ஒரு மெல்லிய தகடு நொடிக்கு நூறு தடவை துடித்து, 12 வோல்ட்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். காண்டாக்ட் கருகினால் தேய்த்துவிட்டு, கூத்து விடியும்வரை ஓட்ட வேண்டியதுதான்.

கரண்டு வந்த ஊர்களில் வேறு தொல்லை. பெயர்தான் 230; பம்புசெட்டுகள் ஓடினால் 180க்கு இறங்கிவிடும். அதனால் பிரைமரியில் இரண்டு மூன்று டேப் எடுத்தார்கள். பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வு செய்தது. வால்வைக் கையால் செய்ய முடியாது; டிரான்ஸ்பார்மரை மட்டும் உள்ளூர் வோல்டேஜுக்கு ஏற்றபடி கையால் கட்டலாம். 45ஐக் கோரின் சதுர சென்டிமீட்டர் பரப்பால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வரும். பரப்பு பத்தென்றால் 4.5, 230 வோல்ட்டுக்கு 1035 சுற்று. செகண்டரி 350–0–350, அதாவது நடுமுனையிலிருந்து இருபுறமும் 350 வோல்ட்; அடுக்குக்கு அடுக்கு காகிதம்.

சூட்சுமம் கண்டென்சரில். 5யூ4 ரெக்டிஃபயர் சட்டென்று சூடேறும். பவர் வால்வுகள் கரண்டு இழுக்கச் சில நொடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் எச்.டி. எனும் உயர் டி.சி. வோல்டேஜ் 350இல் நிற்காது, அதன் 1.41 மடங்காக 490ஐத் தாண்டும். ஒற்றை 450 வோல்ட் கண்டென்சரை நம்பியவர் செட் ஒருநாள் வெடிக்கும். விவரமானவர் இரண்டை சீரியஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் வைப்பார். வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும், ஆஃப் செய்தபின் வடியவிடுவதும் அதுதான். சில்லறைக் காசுக்காக அதை விட்டவர்களுக்கு, அணைத்துப்போட்ட செட்டும் ஷாக் அடித்தது.

100 ஹெர்ட்ஸ் ஹம் இரைச்சலை அடக்க சோக் சுருள் வேண்டும். செலவுக்கு அஞ்சிக் கண்டென்சரைப் பெரிதாக்கினால் ரெக்டிஃபயர் தாங்காது. ஜிஇசட்34 ரெக்டிஃபயருக்கே 60 மைக்ரோஃபாரட்தான் எல்லை. சோக் இல்லாத செட்டை நான் செட்டென்றே சொல்லமாட்டேன்.

பிறகு வந்த டிரான்சிஸ்டர் செட் 12 வோல்ட்டில் நேராக ஓடியது. எச்.டி.க்கும் வேலையில்லை, வைப்ரேட்டருக்கும் வேலையில்லை. வைண்டிங் கடைகள் போர்வெல் மோட்டாருக்கு மாறிக்கொண்டன. பழைய டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்து, செம்பு தனியாக, தகடு தனியாக எடைக்குப் போட்டார்கள்.