முடிவுக்கு ஒரு முன்பணம்

ஈப்போ நகருக்குத் தெற்கே, கேமரன் மலைக்கு ஏறும் பாதை பிரிகின்ற சிம்பாங் பூலாய் வட்டாரத்தில், முன்னொரு காலத்தில் ஈய லம்பங்களும் ரப்பர் நிரைகளும் பங்கிட்டுக்கொண்டிருந்த பூமியில் இன்று வீடமைப்புத் தாமான்கள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் கூரைகளில், சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தவண்ணம், வெயிலை மின்சாரமாக்கும் சூரியத் தகடுகள் ஆங்காங்கே ஏறி அமர்ந்திருக்கின்றன. அத்தகடு ஒன்றின் ஆயுட்காலம் 25 முதல் 30 வருஷம் என்று விஷயம் அறிந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். பால்மரம் ஒன்று பிரயோஜனப்படும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே. இது வெறும் தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும், ஓய்ந்துபோன பொருளை என்ன செய்வது என்ற பிரச்சினை இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று என்பதையும், அதற்கு நல்ல விடையும் கெட்ட விடையும் இங்கேயே கிடைத்திருக்கின்றன என்பதையும் அது நினைவூட்டுகிறது.

ஈயத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1985 அக்டோபரில் சர்வதேச ஈய மன்றம் கடனில் மூழ்கி, லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றபோது, முன்பே தள்ளாடிக்கொண்டிருந்த சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. யந்திரங்களை இரும்பு விலைக்கு விற்றார்கள். விற்க முடியாத பள்ளங்கள் மழை நீர் தேங்கிக் குளங்களாயின. பத்து காஜாவுக்கு அப்பால் தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த, 4,500 டன் எடையுள்ள ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று மட்டும் காட்சிப் பொருளாக மிஞ்சி நிற்கிறது. அது நிற்பதும் நல்லதே; இரும்பு எப்படி மூப்படைகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இராது.

ஈயத்தை அலசி எடுத்தபின் ஒதுக்கிய கனத்த கறுப்பு மணலை இவ்வட்டாரத்தில் அமாங் என்பார்கள். நெடுங்காலம் அதைக் குப்பையென்றே கொட்டி வைத்தார்கள். அந்தக் குப்பைக்குள் மோனசைட், செனோடைம் முதலிய அரிய தாதுக்கள் உண்டென்பதும், அவற்றுக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டென்பதும் தெரியவந்தபின், ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தைப் பங்காளியாகக்கொண்டு ஏசியன் ரேர் எர்த் என்ற கம்பெனி 1979-இல் தோன்றி, 1982-இல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஆலை நடத்தத் தொடங்கியது. மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுத்தால் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சும். என்றேனும் அணு எரிபொருளாக உதவும் என்ற நம்பிக்கையில், அக்கழிவைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய சொத்தாகவே அன்று கருதினார்கள். 'பிற்காலத்தில் உதவும்' என்ற அந்த வார்த்தையை வாசகர்கள் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கழிவைப் பற்றிய எல்லா அசிரத்தைக்கும் அதுவே முதல் சமாதானமாக அமைகிறது.

கழிவுக் கிடங்கு அமைய இருந்த பாப்பான் கிராமத்தார் முதலில் எதிர்த்தார்கள். பின்னர் 1985-இல் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அவர்களுக்காக வாதாடிய மீனாட்சி ராமன் 1987 அக்டோபரில், ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் சிறைப்பட்டார். 1992 ஜூலை 11-ஆம் தேதி ஆலையை மூடும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டத்தில் வென்ற கம்பெனியோ 1994 ஜனவரியில் தானாகவே ஆலையை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மெய்யான வேலை ஆரம்பமாயிற்று. ஆலைக் கட்டடங்களைப் பிரித்து, அசுத்தமான மண்ணையும் தோண்டி, கழிவுப் பீப்பாய்களோடு கிளேடாங் மலைத்தொடரில் கட்டிய கிடங்குகளில் புதைத்து மூடுவதற்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவாயிற்று என்று சொல்லப்படுகிறது. ஆலை ஓடிய காலம் மிகச் சொற்பம். அதை அடக்கம் செய்த காலமோ அதைவிட நீண்டது.

இனி ரப்பருக்கு வருவோம். நம்மவர்கள் இரத்தமும் வியர்வையும் சிந்திய தொழிலாகையால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதில் தவறில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, காண்டாவும் வாளியுமாக நிரைக்குள் புகுந்த பால்வெட்டுத் தொழிலாளி, கத்தியை மரத்தில் வைக்குமுன் முதல் காரியமாக, முந்தின நாள் வெட்டிய கோட்டில் உலர்ந்து ஒட்டியிருக்கும் மெல்லிய பால் நாடாவை நகத்தால் கிளப்பி உரித்து, இடுப்பில் தொங்கும் பைக்குள் போட்டுக்கொள்வான்; பால் வடியும் மங்கின் அடியில் உறைந்ததையும் வழித்து அதிலேயே சேர்ப்பான். ஒட்டுப்பால் என்ற அந்தக் கழிவுக்கும் நிறுவைக் கொட்டகையில் தனியாக எடை உண்டு, தனியாகக் காசும் உண்டு. தோட்டத்தில் உதவாதது என்று எதையும் எளிதில் தள்ளிவிடும் வழக்கம் இருந்ததில்லை.

ஆனால் மரமே ஓய்ந்துபோனால்? யுத்தத்துக்குப் பின் மலாயாவின் மரங்களில் பெரும்பகுதி கிழடு தட்டியிருந்தது. சிறு தோட்டக்காரர்களோ, புது மரம் பால் தர ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரை வயிற்றுக்கு என்ன வழி என்று வெட்டத் தயங்கினார்கள். இதை உணர்ந்த அரசாங்கம் 1952-இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டத்தை இயற்றி, ஏற்றுமதியாகும் ரப்பரில் ராத்தலுக்கு நாலரைக் காசு தீர்வை பிடித்து, அந்தப் பணத்தைக் கிழட்டு மரத்தை அகற்றிப் புதுக்கன்று வைப்பவனுக்கே மானியமாகத் திருப்பிக் கொடுத்தது. மரம் பால் தரும் நாளிலேயே அதன் அந்திமத்துக்கு வேண்டிய செலவைச் சேர்த்துவைத்த இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் விவேகமான காரியத்தை அக்காலத்து நிர்வாகம் அதிகம் செய்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

அதில் குறைகளே இல்லையென்று சொல்ல வரவில்லை. கிழட்டு மரங்களைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய விஷத்தைப் பட்டையில் பூசினார்கள். மரத்தின் முடிவுக்குப் பணம் ஒதுக்கியவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட தொழிலாளியின் முடிவுக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர்களின் சந்தாப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தது அந்த அநீதிக்கு எழுந்த பதில்.

வெட்டிய மரமும் நாளடைவில் மதிப்புப் பெற்றது. முதலில் புகைக்கூடங்களுக்கும் சூளைகளுக்கும் விறகாயிற்று. 1960-களின் பிற்பகுதியில் பிறையில் இருந்த மலாயாவாத்தா உருக்காலையின் ஊதுலைக்குக் கரியாயிற்று. பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமல் போரான் உப்பு ஏற்றும் முறை பரவியபின் நாற்காலியும் மேஜையுமாகிக் கப்பலேறியது. மரத்தை ஒழுங்காக வெட்டிக் கொண்டுவர முன்பே பணமும் ஏற்பாடும் இருந்தபடியால்தான், பிற்பாடு அதற்கு உபயோகம் கண்டுபிடிக்க முடிந்தது.

சூரியத் தகட்டுக்கு இவ்விரண்டு வழிகளில் எது வாய்க்கப்போகிறது? அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடி. சுற்றிலும் அலுமினியச் சட்டம். உள்ளே சிலிக்கன், சிறிது செம்பு, நூற்றில் ஒரு பங்கிலும் மிகக் குறைந்த வெள்ளி, பற்றவைத்த ஈயம், இவற்றையெல்லாம் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிவைத்திருக்கும் பிளாஸ்டிக் பசை. 'பேப்பர் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமானுக்குள் வரும் லாரிக்காரரிடம் கொடுத்தால், சட்டத்தையும் கம்பியையும் மகிழ்ச்சியோடு கழற்றிக்கொள்வார், கண்ணாடியைத் தீண்டமாட்டார். அதைச் சூட்டாலோ அரைத்தோ பிரிக்கும் ஆலைக்கு அனுப்பும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையை இன்னும் விழுங்கிவிடுகிறது. தகட்டோடு சேர்ந்த இன்வெர்ட்டரோ பத்துப் பதினைந்து வருஷத்திலேயே ஓய்ந்துவிடும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகள் மின், மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று எண் கொடுத்திருக்கின்றன. எண் கொடுப்பதும் பணம் ஒதுக்குவதும் வேறு வேறு.

முன்னுதாரணத்துக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. கெடாவின் கூலிமில் தகடு செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம், தன் தகடுகளில் காட்மியம் இருப்பதை உணர்ந்து, 2005-லேயே, விற்கும்போதே மீட்புச் செலவை ஒதுக்கிவைக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தகடுகளையும் உற்பத்தியாளர் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு விதிகளோ, கழிந்த தகடுகளை 2034-35 வரை சேமித்து வைக்கும்படி உற்பத்தியாளரைப் பணிக்கின்றன. சேமித்து வைப்பது என்ன ஆகும் என்பதைப் பாப்பான்வாசிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

நம் நாட்டிலும் தீர்வை என்பது அறியாத சங்கதியன்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக, மாதம் 300 யூனிட்டுக்கு மேல் செலவழித்த வீடுகளின் மின்கட்டண ரசீதில், முதலில் 1 விழுக்காடும் 2014 முதல் 1.6 விழுக்காடும் சேர்த்து வசூலித்தார்கள். அது தகட்டைக் கூரையில் ஏற்றுவதற்கு ஊக்கம் தந்த பணம். அதைப் போலவே தகட்டை இறக்குவதற்கும், விற்கும் வேளையிலேயே, 1952-இன் நாலரைக் காசைப்போல் ஒரு சிறு தீர்வை பிடிப்பதுதான் முறை. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2012-இல் மின்சாரம் தரத் தொடங்கிய கூரைகளின் 21 வருஷ ஒப்பந்தம் 2033-இல் முடிகிறது.