குதிப்பவர் முழங்கால்: பழி யார் மேல்?

நடுவயது வியாபாரிகளுக்கு உடம்பு நோகாத ஓர் ஆட்டம் வேண்டும் என்றுதான் அமெரிக்காவின் ஹோல்யோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் 1895-ல் கைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு பிறந்த கூடைப்பந்து அவர்களுக்கு முரட்டு ஆட்டமாக இருந்தது. ஆனால் 2005-ல் நார்வே மருத்துவர்கள் ஒன்பது விளையாட்டுகளின் முன்னணி வீரர்களைச் சோதித்தபோது, முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கும் 'குதிப்பவர் முழங்கால்' நோய் கூடைப்பந்தில் சுமார் 32 சதவீதம் பேருக்கும் கைப்பந்தில் சுமார் 45 சதவீதம் பேருக்கும் இருந்தது. வலி வந்தால் 'நீ இறங்கும் விதம் சரியில்லை' என்று வீரரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் அந்த வலிக்கு ஆட்டம் மாறிவந்த விதமே பெரிய காரணம்.

பந்தை உயர்த்திக் கொடுத்து எம்பி அடிக்கும் ஸ்மாஷ், 1910-களில் பிலிப்பைன்ஸில் உருவானது. 1964 டோக்கியோவில் கைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது. முன்னணி அணிகளுக்குப் பயிற்சி ஆண்டு முழுவதற்குமான வேலையாயிற்று. ஒவ்வொரு ஸ்மாஷுக்குப் பிறகும் முன்பாதம் தரையைத் தொட, முழங்கால் மடங்க, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுவிசை முழுவதையும் சில்லின் கீழ்முனையில் ஒட்டியிருக்கும் தசைநாண் தாங்குகிறது. விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிப்பது அந்த இடம்தான். 1973-ல் அமெரிக்க மருத்துவர் பிளேசினாவும் சகாக்களும் இந்த நோய்க்குப் பெயரிட்டு, ஆட்டத்துக்குப் பின் மட்டும் வலிப்பது முதல் ஆடவே விடாத வலி வரை படிநிலைகளாகப் பிரித்தார்கள். 1984-ல் இத்தாலியின் ஃபெரெட்டி குழு, வாரத்தில் பயிற்சி கூடக் கூட நோய் கூடுவதையும், மரத்தளத்தைவிட சிமெண்ட் தரையில் அது அதிகம் என்பதையும் காட்டியது.

இறங்கும் முறைக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். 1996-ல் கனடா தேசிய அணியை ஆராய்ந்தவர்கள், இறங்கும்போது முழங்காலை மிக ஆழமாக மடக்கியவர்களிடம் இந்த நோயைக் கண்டார்கள். 2007-ல் நெதர்லாந்து ஆய்விலோ, முன்பு வலி வந்து தணிந்தவர்கள் விறைப்பாக இறங்கினார்கள். வலி இருந்தவர்கள் சுமையைத் தவிர்க்கும் விதமாக இறங்கினார்கள். 'தவறான இறக்கம்' இதுதான் என்று ஒன்றைச் சுட்ட இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. தவிர, வலி வந்த பிறகு அளந்தால் இறக்கம் வலியைத் தந்ததா, வலி இறக்கத்தை மாற்றியதா என்று பிரிக்க முடியாது. நார்வேயின் கைப்பந்துப் பள்ளி ஒன்றில் பதின்வயது வீரர்களை வலி வருவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 2013-ல் வெளிவந்த முடிவுகளின்படி, அதிகப் பயிற்சி எடுத்தவர்களும், வாரத்தில் அதிக செட் ஆடியவர்களும், பையன்களில் தொடக்கத்திலேயே உயரம் எம்பியவர்களும்தான் நோய்க்கு ஆளானார்கள். குறையுள்ளவரைவிடத் திறமையுள்ளவரையே இந்த நோய் பிடிக்கிறது.

இறங்கும் பயிற்சியால் முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது குறைகிறதே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், ஆனால் அது ஒரே ஒரு தவறான இறக்கத்தில் நேரும் விபத்து. தசைநாண் நோய் ஆயிரக்கணக்கான சரியான இறக்கங்களிலும் சேர்வது. ஆகவே இறங்கும் முறையைத் திருத்தும் பயிற்சியாளர், வாரத்துக்கு எத்தனை குதிப்பு என்ற கணக்கையும் வைக்க வேண்டும். நன்றாகக் குதிப்பவருக்கு அந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் அணி அதிகம் குதிக்கவைப்பது அவரைத்தான்.