எரிமலை அடியில் பாண்டியர் பெயர்

குற்றாலம் சென்று வந்தோர் ‘பொங்குமாங்கடல்’ என்னும் பெயரை மறக்க மாட்டார்கள். மேலிருந்து விழும் பேரருவி பாறைக் குழியொன்றில் நிறைந்து, மீண்டும் பொங்கிக் கீழிறங்கும் இடம் அது. அங்கே பொங்குவது நீரே, நெருப்பன்று. குற்றால மலை எரிமலையன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகளால் ஆனது அம்மலை.

இந்தியாவில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. அங்கே மனிதர் வாழ்வதில்லை. எரிமலையோடு மக்கள் கூடி வாழும் வாழ்க்கையைக் காண விழைவோர் அதே எரிமலை வரிசையில் தெற்கே இறங்கிச் சுமத்திராவுக்குச் செல்ல வேண்டும். அங்குச் செல்லும் தமிழருக்கு வியப்பொன்று காத்திருக்கிறது.

மேடான் நகரிலிருந்து தென்மேற்கே மலையேறினால் காரோ மக்களின் மேட்டுநிலம் வரும். அதன் சந்தை நகர் பெரஸ்தாகி. ஒருபுறம் சிபாயாக் மலை கந்தகப் புகை கக்கிக் கொண்டிருக்கும். மறுபுறம் 2,460 மீட்டர் உயரத்தில் சினாபுங் நிற்கும். தெற்கே சிறிது தொலைவில் தோபா ஏரி. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரும் எரிமலையின் வாயே இன்று நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாகக் கிடக்கிறது. அன்று பறந்த சாம்பல் கடல் கடந்து வந்து, ஆந்திர நாட்டுக் கர்நூல் பகுதி ஜுவாலாபுரத்தில் படிந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அச்சாம்பல் படிவின் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன.

காரோ மக்கள் ஐந்து பெருங்குலத்தினர். அவற்றுள் ஒன்று செம்பிரிங். அதன் கிளைகளின் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரமனா. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள, பிராமண என்னும் பெயர்களை இவற்றில் காணாதிருக்க முடியுமா? மலாய்த் துறைமுகங்களில் தமிழ் முஸ்லிம்களைச் சுட்டிய ‘சூலியா’ என்னும் சொல்லும் சோழர் பெயர்வழி வந்ததே என்பர். செம்பிரிங் குலத்தார் சிலர் இறந்தோரை எரித்து, அச்சாம்பலைச் சிறு படகுகளில் இட்டு ஆற்றில் விடும் சடங்கைப் பண்டு நடத்தி வந்தனர். சிபாயாக் அடிவாரத்து வெந்நீரூற்றுகளில் எலுமிச்சை நீரால் தலை கழுவித் தீட்டும் தீங்கும் போக்கும் வழக்கம் காரோ மக்களிடம் உண்டு. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கும் குற்றாலத்துக் கூட்டத்தை அறிந்தவர்க்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இப்பெயர்கள் எவ்வாறு அம்மலைக்கு ஏறின? சுமத்திராவின் மேலைக் கரையில் பாரூஸ் என்னும் பழந்துறை உண்டு. கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற இத்துறையை அரபு வணிகர் ‘ஃபன்சூர்’ என்றனர். அதன் அருகே லோபு துவாவில் 1873-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. 1932-இல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து எழுதினார். கீழைக் கரையில், மேடான் அருகே கோத்தா சீனாவில் நடந்த அகழ்வுகளும் தென்னிந்தியத் தொடர்பைக் காட்டுகின்றன. இவ்விரு கரைகளுக்கும் இடையே உயர்ந்து நிற்பதே காரோ மேட்டுநிலம்.

ஆயினும் பெயரை மட்டும் சான்றாகக் கொண்டு குருதியுறவை நிறுவிவிட முடியாது. வணிகர் சிலர் அங்கேயே தங்கி மணந்திருக்கலாம். அவர்களோடு பழகியோர் பெருமை கருதி அப்பெயர்களைச் சூடியும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று: பெயர் எஞ்சியது, மொழி எஞ்சவில்லை. பாண்டியா கிளையினர் பேசுவது காரோ மொழியே.

அவர்கள் பற்றிக்கொண்டது மலையை. எரிமலைச் சாம்பல் கலந்த கரிய மண் கிச்சிலியும் காய்கறியும் தாராளமாய்த் தருகிறது. ஆனால் தரும் மலையே கொல்லவும் செய்யும். பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த சினாபுங் 2010 ஆகஸ்டில் விழித்தது. 2014 பிப்ரவரியில் பாய்ந்த வெப்பப் புகைமேகம் பதினாறு பேருக்குக் குறையாமல் பலிகொண்டது. 2016 மே மாதம் மீண்டும் எழுவர் மாண்டனர். சுகா மெரியா, பெக்கெரா, சிமாச்செம் ஆகிய ஊர்மக்கள் சியோசார் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். ஊர் போன பின்னும் அவர்களோடு சென்றது குலப்பெயர்.

இச்செய்தி தென்காசிச் சீமையாரை ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டும். தென்காசி பிற்காலப் பாண்டியரின் தலைநகர். 1446-இல் பராக்கிரம பாண்டியன் விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கிய ஊர். அதே சீமையிலிருந்து, தறித்தொழில் நலிந்த காலத்தில், தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினர். சுமத்திரா அங்கிருந்து எட்டும் தொலைவே. அவர்கள் பெயரோடு நிற்கவில்லை. 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தனர். 1946-இல் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால் தமிழ்ப் பள்ளி கண்டனர். பிள்ளைகள் குறைந்து 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் தோன்றியது.

ஐந்நூற்றுவர் கல்லில் எழுதினர், கல் நிலைத்தது. காரோ மலையில் பெயர் நிலைத்தது. மொழி நிலைக்க வேண்டுமாயின் அதைப் பிள்ளைகளின் நாவில் எழுத வேண்டும்.